சாம்சனின் ஏழாவது கிட்டார்

வல்லம் வடகாலில் செங்கமலம் நடத்தும் பழைய மரக்கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். டீக்கடை அடுப்புக்கு விறகு தேடி வருகிறவர்கள் ஒரு வகை. கோழிக்கூண்டு, பெஞ்சு, கடைத் தட்டு என்று எதையாவது அடித்துக்கொள்ளப் பலகை தேடி வருகிறவர்கள் இன்னொரு வகை. சாம்சன் இரண்டிலும் சேரமாட்டான். சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டிகளைப் பிரித்து அங்கே மலையாகக் குவித்திருப்பார்கள். அவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாக உருவுவான். வெட்டுமுனையை வெயிலில் காட்டிப் பார்ப்பான், விரல் முட்டியால் தட்டுவான். பிறகு பலகையின் ஓரத்தைத் தாடையெலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி மறுபடியும் தட்டுவான்.

"இன்னா சாம்சா, இன்னிக்கும் பல்லு வலியா?" என்பாள் செங்கமலம்.

அவன் பதில் சொல்லமாட்டான். பெரும்பாலும் அவள் கேட்டதே அவன் காதில் விழுந்திருக்காது. அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம்.

நூறு பலகையில் தொண்ணூற்றெட்டு பைன் மரமாக இருக்கும். பைன்மேல் அவனுக்குப் பகை ஒன்றும் கிடையாது, ஆனால் அது வேண்டாம். அவன் தேடுவது ஸ்ப்ரூஸ். குளிர் தேசத்தில் அவசரமில்லாமல் வளர்ந்த மரம் என்பதால், வெட்டுமுனையில் கோடுகள் சீப்புப் பல்லைப்போல நெருக்கமாகவும் நேராகவும் நிற்கும். பார்த்தால் கனமாகத் தெரியும், தூக்கினால் அந்தக் கனம் இருக்காது. ஐரோப்பாவில் இந்த மரத்தைக் கிட்டாருக்கென்றே தேர்ந்தெடுத்து அறுத்து, வருஷக்கணக்கில் காயவைத்து, பேப்பர் சுற்றி விற்கிறார்களாம். அதே மரத்தின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பெட்டியாகக் கப்பலேறி, முதுகில் சூடு போட்ட முத்திரையோடு வல்லம் வடகாலில் வந்து இறங்கி, டீக்கடை அடுப்பில் வேகிறான். எல்லாம் எங்கே போய் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

மரத்தை நல்ல மரம் என்று எப்படிச் சொல்வது? கிட்டார் செய்கிறவர்கள் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். நல்ல பலகை மணிபோல நீளமாக ஒலிக்கும், மோசமான பலகை தொம்மென்று நின்றுவிடும். சாம்சன் காதைக் கொடுப்பதில்லை, தாடையைக் கொடுப்பான். நல்ல பலகையானால் எலும்பில் ஒரு கூச்சம் ஏறி, பல் வரைக்கும் போய், மெதுவாக அடங்கும். அடங்குவதற்குள் மூன்று எண்ண முடிந்தால் அந்தப் பலகை அவனோடு வடக்குப்பட்டு வீட்டுக்கு வரும்.

இதை அவன் யாரிடமும் விளக்கியதில்லை. ஸ்டைல் என்று சிலரும், கிறுக்கு என்று சிலரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டும் அவனுக்கு வசதியாகத்தான் இருந்தன.

சாம்சனுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. இருபத்திரண்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தான். தகட்டை வைத்தால் மேலிருந்து இடி இறங்கும், கார்க் கதவு வந்துவிடும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு இடி, ஷிஃப்டுக்கு எட்டரை மணி நேரம். இப்படிப் பன்னிரண்டு வருஷம். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் வந்தால் காதுக்குப் போகும், போய்விட்டால் சட்டைப் பைக்குத் திரும்பும். அந்த வயதில் காதைப் பற்றி எவன் கவலைப்பட்டான்? காது எங்கே ஓடிவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஓடத்தான் செய்தது. ஒரேயடியாக இல்லை, மேலிருந்து ஒவ்வொரு படியாக. முதலில் கொசு சத்தம் போயிற்று, அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். பிறகு குக்கர் விசில் போயிற்று. பிறகு பேச்சில் 'ச'வும் 'ஸ'வும் தேய்ந்தன. லாரி, மழை, பாஸ்டரின் குரல் எல்லாம் கேட்டன. எந்த ஒலியையும் அதன் உடம்பு வரைக்கும் கேட்க முடிந்தது, அதன் மினுக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை கிடைத்தது. அங்கே கண்தான் முதல். வரிசையாக எரியும் டியூப்லைட்டுகளுக்கு நடுவே கார் உடம்பு ஊர்ந்து வரும். சாம்சன் கையுறையோடு தடவிப் பார்த்து, தூசி உட்கார்ந்த இடத்தையும் பெயின்ட் வழிந்த இடத்தையும் மார்க்கரால் வட்டம் போடுவான். ஆரஞ்சுத் தோல்போல மேடும் பள்ளமுமாகக் காய்ந்த பூச்சைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பான். அந்த லைனில் அவனுக்கு நிகர் அவன்தான். இதைச் சொல்லிக்கொள்ள அவன் வெட்கப்பட்டதில்லை. வருஷத்துக்கொருமுறை காது டெஸ்ட் மட்டும் கொஞ்சம் தலைவலி. பீப் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். மெஷின் பட்டனை அழுத்தும்போது டெஸ்ட் எடுக்கும் நர்ஸின் தோள் லேசாக அசையும். சாம்சன் தோளைப் பார்த்துக் கையைத் தூக்குவான். வருஷாவருஷம் பாஸ்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி ஜாஸ்மின் சர்ச் பாடகர் குழுவில் உச்ச ஸ்தாயி பாடுகிறவள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மணிமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாம்சன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். இப்போது அவள் மேலே போகும்போது குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல இருக்கும். வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு எழும்பியிருக்கும், அவனுக்குச் சேர வேண்டியது பாதிதான் சேரும். அவன் இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். 'எப்டிப் பாடினேன்?' என்று கேட்பதை அவள் ஏழெட்டு வருஷமாக விட்டுவிட்டாள். அவனும் பாடச் சொல்வதை விட்டுவிட்டான். இரண்டு பேரும் இதில் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். அந்த மரியாதைதான் வலித்தது.

கிட்டார் தற்செயலாக வந்தது. சர்ச் கிட்டாரின் கழுத்து உடைந்தபோது அதை ஒட்டிக் கொடுத்த சாம்சன், உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து அசந்துபோனான். அப்புறம் ஃபோனில் பார்த்தும் கேட்டும் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தான். இரும்புக் கம்பிக் கிட்டார் அவனுக்கு ஒத்துவரவில்லை, அதன் அழகு முழுக்க மினுக்கத்தில் இருக்கிறது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் அவனோடு பேசியது. ஆறு செய்து முடித்தான். ஒன்று சர்ச்சுக்கு, ஒன்று மச்சானுக்கு, மற்றவை கேட்டவர்களுக்குப் போயின. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் கிட்டாரை முறையாகக் கற்றவர் ஒருவர்கூட அந்த ஆறில் ஒன்றையும் தொட்டதில்லை.

ஏழாவதைக் கேட்டு வந்தவள் ரஞ்சனா. ஸ்ரீபெரும்புதூர்க்காரி, பெருமாள் கோயில் பக்கத்துத் தெரு, அப்பா கோயில் அலுவலகத்தில் வேலை. ஒரு பள்ளிக்கூடத்தில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். கை சின்னது. கடையில் கிடைக்கும் கிட்டாரெல்லாம் அவள் விரலுக்கு அகலம். ஜனவரியில் சென்னையில் முதல்முறையாகத் தனிக்கச்சேரி. தன் கைக்கு அளவெடுத்து ஒரு கிட்டார் செய்ய முடியுமா என்று கேட்டாள். சாம்சன் முடியும் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் யோசித்தான். கிட்டார் தெரிந்தவள் வாசிக்கப் போகிறாள். தான் கேட்காத இடத்தில் என்ன இருக்கிறது என்பது இனி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மரத்தில் அவன் குறை வைக்கவில்லை. முன்பலகைக்குச் செங்கமலத்தின் குவியலில் நாலு மாதம் தேடி ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பலகை எடுத்தான். பெட்டிப் பலகை அகலம் போதாது, அதனால் பிளந்து நாலு துண்டாகச் சேர்த்து ஒட்டினான். சேர்ந்த இடம் நகத்துக்குக்கூட அகப்படவில்லை. முதுகுக்கும் பக்கத்துக்கும் பூவரசு. ஒரகடம் ரோட்டை அகலப்படுத்தியபோது சாய்த்த மரம், நடுவில் சாக்லேட் நிறத்தில் வரி ஓடும். பலாவைத்தான் முதலில் நினைத்தான். வீணையெல்லாம் அதில்தானே என்று அறுத்துத் தாடையில் வைத்துப் பார்த்தான். நல்ல மரம்தான், ஆனால் பூவரசில் கூச்சம் இன்னும் ஒரு எண்ணிக்கை அதிகமாக நின்றது. பக்கப் பலகையை ஈரமாக்கி, பழைய பைக் சைலன்சர் குழாயைச் சுடவைத்து அதன்மேல் வளைத்தான். கழுத்துக்குச் சந்தன வேம்பு. அது கனமில்லாதது, கோணாது, வாசனையும் உண்டு.

கடைசியில் பூச்சு என்று வந்தபோதுதான் பெயின்ட் ஷாப்காரன் முழித்துக்கொண்டான்.

மற்ற ஆறுக்கும் கடையில் வாங்கிய வார்னிஷைப் பூசியிருந்தான். இது டீச்சருக்கு, சென்னையில் மேடையேறப் போகிறது. படப்பை ரோட்டில் கார் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் அருள்பாண்டியிடம் கிட்டாரைக் கொண்டு போனான். அருள்பாண்டி சாத்தூர்க்காரன், ஸ்ப்ரே கன்னில் நல்ல கை. கம்பெனிக் காருக்கு அடிக்கிற அதே ரகக் கிளியர் கோட் என்கிற நிறமில்லாப் பளபளப்புப் பூச்சு, இறுகுவதற்கு ஹார்ட்னர் கலந்து, மூன்று கோட். நடுநடுவே தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பு, கடைசியில் மெருகேற்றும் பஃபிங். பெயின்ட் ஷாப்பில் எந்த வேலைக்கும் கூடவே ஒரு டெஸ்ட் பேனல் அடித்து வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சாம்சன் அதே ஸ்ப்ரூஸின் துண்டு ஒன்றுக்கும் மூன்று கோட் அடித்து, தேதி எழுதி வைத்தான். கிட்டாரை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தபோது விளக்கு அதில் வளையாமல் நெளியாமல் நேர்க்கோடாகத் தெரிந்தது. ஒரு தூசி கிடையாது. ஒன்பது வருஷத்தில் அவன் கண்ணில் பட்ட பூச்சுகளிலேயே சிறந்தது அதுதான். அருள்பாண்டிகூட, "அண்ணாச்சி, இதுல மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போலுக்கே" என்றான்.

நவம்பர் நடுவில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரஞ்சனா ஸ்கூட்டரில் வந்தாள். ஜாஸ்மின் கூடத்தின் ஓரத்தில் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். லைன் வீடுகளில் தங்கியிருக்கும் கம்பெனிப் பையன்கள் பதினெட்டு பேருக்கு அவள்தான் சமையல், அதனால் பூண்டு என்றால் மலைதான்.

"சாம்சன் சார், கண்ணு கூசறது" என்றாள் ரஞ்சனா கிட்டாரை வாங்கும்போதே. சாம்சனின் முகம் மலர்ந்தது.

அவள் வாசித்தாள். கனமான கம்பிகளில் விரல் போனபோது சாம்சனுக்கும் கேட்டது, நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெல்லிய கம்பியில், கழுத்தின் குறுக்குக் கட்டைகளில் ஒவ்வொன்றாக மேலே ஏறினாள். அவள் முகம் சுருங்கியது. அதே இடத்தைத் திரும்ப வாசித்தாள்.

"இங்க பாருங்க, அஞ்சாவது கட்டைக்கு மேல போனா ஒலி எழும்பவே மாட்டேங்கறது. தொட்ட இடத்துலயே உக்காந்துடறது. போர்வை போத்தின மாதிரி. கேக்கறதா?"

சாம்சன் அவள் தோளைப் பார்த்தான்.

"கேக்குது டீச்சர்" என்றான்.

"கீழ்க் கம்பியெல்லாம் அருமை. கழுத்து என் கைக்குன்னே செஞ்சது. ஆனா மேல இப்படி இருந்தா கச்சேரிக்கு எடுத்துண்டு போக முடியாது சார். கடைசி வரிசைக்குப் போகவே போகாது. சரி பண்ண முடியுமா? இல்லேன்னா நான் பழசையே..."

"பண்ணிடலாம் டீச்சர். எனக்கும் தோணிச்சு. ஒரு மாசம் குடுங்க."

அவள் போன பிறகு வெகுநேரம் அவன் கிட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்கும் தோணிச்சு என்று சொல்லிவிட்டான். எங்கே தோன்றியது? ஒரு மண்ணும் தோன்றவில்லை. கண்ணுக்கு எதிரே விரல் ஆடிற்று, தலை ஆட்டினான், அவ்வளவுதான்.

"எப்டி இருந்துச்சு?" என்று ஜாஸ்மினைக் கேட்டான்.

"நல்லாதாங்க இருந்துச்சு" என்றாள் அவள், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். டீச்சர் வாசித்த நேரம் முழுக்க அவள் கை நிற்கவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சர்ச்சில் யாராவது சரியாகப் பாடினால் ஜாஸ்மின் கையிலிருக்கும் பாட்டுப் புத்தகத்தின் பக்கம்கூடத் திரும்பாது. வாய்க்கு எதையும் சொல்லப் பழக்கியிருந்தாள், கைக்குப் பழக்கவில்லை.

முதலில் அவன் மரத்தைத்தான் குற்றம் சொன்னான், வேறு யாரைச் சொல்வான்? மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வல்லம் வடகால் போய், அந்தப் பெட்டி மரம் சரியில்லை என்று செங்கமலத்திடம் குறைப்பட்டுக்கொண்டான்.

"மரத்து மேல பழி போடாத. நானா எடுத்துக் குடுத்தேன்? நாலு மாசம் பல்லு வலிக்க வலிக்க நீதான பொறுக்கின?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து, தேதி எழுதி வைத்த டெஸ்ட் பேனலையும், அதே பலகையில் மிச்சமிருந்த பூச்சில்லாத துண்டையும் எடுத்தான். இரண்டும் ஒரே அளவு. பூச்சில்லாததைத் தாடையில் வைத்துத் தட்டினான். கூச்சம் பல் வரைக்கும் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேலும் ஓர் அரை. டெஸ்ட் பேனலை வைத்துத் தட்டினான். ஒன்று. அதோடு சரி.

அவன் மறுபடி தட்டினான். ஒன்று.

மரத்தில் குற்றமில்லை. தான் உலகத்திலேயே நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலையை எடுத்து, அதைக்கொண்டே கிட்டாரின் வாயை அடைத்திருக்கிறான். விரல் தடிமன்கூட இல்லாத பலகை அது, இரண்டரை மில்லிமீட்டர்தான், அசைந்தால்தான் அதற்கு உயிர். அதன்மேல் கல் தெறித்தாலும் கீறாத சட்டையைப் போட்டு இறுக்கிவிட்டான். காது இருந்திருந்தால் முதல் கோட்டிலேயே தெரிந்திருக்கும். கண் மட்டும் இருந்ததால் மூன்று கோட் அடித்து, பஃபிங்கும் போட்டு, முகம் பார்த்துச் சிரித்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. சாம்சன் அன்று சாப்பிடவில்லை.

அருள்பாண்டியிடம் சொன்னபோது அவன் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான். "சரிதாம்ணே. காருக்குன்னு உள்ளத காருக்குல்லா அடிக்கணும். காரு என்ன பாடவா போவுது?" என்றான். பிறகு, "உரிக்கணும்னா கெமிக்கல் போட்றாதிய, பசை பூரா விட்ரும். சுரண்டத்தான் செய்யணும்" என்று உருப்படியாகவும் ஒன்று சொன்னான்.

உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்ட ஆரம்பித்தான். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை. பூச்சு சுருள் சுருளாக வரும். கொஞ்சம் அழுத்திவிட்டால் மரமும் சேர்ந்து வந்துவிடும், மரம் மெலிந்துவிட்டால் கம்பியின் இழுப்பில் பலகை குழிந்துபோகும். கிட்டாரின் வயிற்றுத் துளைக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கை இறக்கி எரியவிட்டான். பலகைக்குள்ளிருந்து மங்கலான சிவப்பு கசிந்தது. எங்கே சிவப்பு கூடுகிறதோ அங்கே கையை எடுத்துவிடுவான். இப்படிப் பதினொரு நாள். முன்பலகை மட்டும்தான். முதுகில் கண்ணாடிப் பூச்சை அப்படியே விட்டான்.

"பின்னாடி வேணாமா?" என்றாள் ஜாஸ்மின்.

"அது டீச்சர் மேல சாயற பக்கம். வேர்வ படும். அங்க இந்தச் சட்ட இருக்கட்டும்."

முன்பக்கத்துக்கு அரக்கு. மரக்கிளையில் பூச்சி கக்கும் அரக்கைச் சுத்தம் செய்து செதில் செதிலாகச் சென்னையில் விற்கிறார்கள். அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, அதில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்க்க வேண்டும். வட்டம் வட்டமாக, நிற்காமல். நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத அடுக்கு ஒன்று ஏறும், காயும், மறுபடி. டிசம்பர் மழையில் ஈரம் பிடித்து ஒருநாள் பலகை முழுக்க வெளுத்துவிட்டது. வெயில் வரட்டும் என்று மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு இருபது அடுக்குக்கும் ஒரு துண்டில் அதையே பூசித் தாடையில் வைத்துப் பார்த்தான். மூன்றுக்குக் குறைகிற மாதிரி தெரிந்ததும் நிறுத்திவிட்டான்.

முடிந்ததை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தபோது விளக்கு நெளிந்தது. மரத்தின் ரோமக்கால் தெரிந்தது. பூச்சு அவ்வளவு மெல்லிசு, நகம் பட்டால் தழும்பு விழும். கம்பெனி லைனில் வந்திருந்தால் முழு உடம்புக்கும் ஒரே வட்டமாகப் போட்டு ரிஜெக்ட் செய்திருப்பான். அவன் கண் கடைசி வரைக்கும் அவனிடம் சண்டை போட்டது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரஞ்சனா மறுபடி வந்தாள். ஜாஸ்மின் அதே மூலையில், அதே முறத்தோடு இருந்தாள். ரஞ்சனா கிட்டாருக்குக் கை நீட்டியபோது சாம்சன் கொடுக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்றான். "போன வாட்டி கேக்குதான்னு கேட்டீங்க. கேக்குதுன்னு சொன்னேன். எனக்குக் கேக்கல. மேல் சத்தம் பத்து வருசமாவே எனக்குக் கேக்கறதில்ல. பிரஸ் ஷாப்ல போயிடிச்சு."

ஜாஸ்மின் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இதை அவன் வாயால் சொல்லி அவள் கேட்பது அதுதான் முதல்முறை.

"அப்போ இந்த மரத்தையெல்லாம் எப்படி எடுத்தீங்க?" என்றாள் ரஞ்சனா.

சாம்சன் அலமாரியிலிருந்து அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கொடுத்து, தாடையில் வைத்துத் தட்டச் சொன்னான். அவள் தட்டிப் பார்த்தாள். பூச்சில்லாத துண்டில் கண்ணை மூடினாள். இரண்டாவதில் உடனே திறந்துவிட்டாள்.

"சரி, குடுங்க" என்றாள்.

அவள் வாசித்தாள். கனமான கம்பிகளில் தொடங்கி மெதுவாக மேலே போனாள். போன தடவை முகம் சுருங்கிய இடம் வந்தது. சாம்சன் அவள் தோளைப் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்தான். ஜாஸ்மினின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பூண்டுப் பல், தோல் பாதி கழன்றபடி அப்படியே நின்றுபோயிருந்தது. ரஞ்சனா அந்த இடத்தைக் கடந்து இன்னும் மேலே போனாள், திரும்பி வந்தாள், இன்னொரு முறை போனாள். பூண்டு அசையவில்லை.

சாம்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான்.

"நாலாவது கம்பி மட்டும் ஒரு இழை உயரமா இருக்கு" என்றாள் ரஞ்சனா வாசித்து முடித்து. "மத்தபடி, சாம்சன் சார், இதுதான் என் கிட்டார்." பிறகு பதறிப்போய், "ஐயையோ, நகம் பட்டுடுத்து பாருங்க" என்றாள். துளைக்குப் பக்கத்தில் அரைநிலா மாதிரி ஒரு தழும்பு.

மார்க்கர் பிடித்துப் பழகிய கை ஒரு கணம் துறுதுறுத்தது. "இருக்கட்டும் டீச்சர். வாசிச்சா படத்தான் செய்யும்" என்றான்.

நாலாவது கம்பியை இறக்குவதற்காகக் கிட்டார் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தது. மறுநாள் சாயங்காலம் சாம்சன் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மேல்முனையில் கம்பி உட்காரும் பள்ளத்தைச் சின்ன அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். நழுவாமலிருக்கக் கிட்டாரின் பக்கவிளிம்பு தாடையில் அழுத்தியிருந்தது. அடுப்படியில் ஜாஸ்மின் சர்ச் ஆராதனைக்கு வைத்திருந்த பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலக் கதவுக்குப் பின்னாலிருந்து பாதிக் குரல் வந்தது. பாட்டு உச்சிக்கு ஏறிற்று.

தாடையில் ஒரு கூச்சம்.

அவன் அரத்தை நிறுத்தினான். யாரும் கம்பியைத் தொடவில்லை. கூச்சம் பல்லுக்கு ஏறி, அங்கேயே நின்று, அவள் குரல் இறங்கும்போது கூடவே இறங்கியது. அவள் மூச்செடுத்து அடுத்த வரியை எடுத்தாள். மறுபடியும் ஏறியது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் அவள் குரலைக் கிட்டார் வாங்கி அவன் எலும்பில் கொடுத்துக்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக வராமலிருந்த மீதிப் பாதி அது.

"ஜாஸ்மின்" என்று கூப்பிட்டான். "அந்த எடத்த இன்னொரு வாட்டி பாடு."

அடுப்படியில் சத்தம் நின்றது. அவள் கரண்டியோடு வாசலில் வந்து நின்று பார்த்தாள். "எதுக்கு?"

"பாடேன்."

கன்னத்தைக் கிட்டாரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து பாடினாள். முடிந்ததும், "எப்டிப் பாடினேன்?" என்று கேட்டாள். அவன் தன் தாடையைத் தொட்டுக் காட்டினான்.

ஏழாவது கிட்டார் சொன்னபடி ரஞ்சனாவோடு போயிற்று. ஜனவரிக் கச்சேரியில் கடைசி வரிசை வரை கேட்டது என்று ஃபோனில் சொன்னாள். பொங்கல் லீவு முடிந்த முதல் சனிக்கிழமை சாம்சன் வல்லம் வடகாலில் பெட்டிக் குவியல்மேல் உட்கார்ந்து பலகையைத் தாடையில் வைத்திருந்தான்.

செங்கமலத்திடமும் இப்போது காது விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவள் பக்கத்தில் வந்து, அவன் காதுக்கு நேராக எக்கிச் சத்தமாகக் கேட்டாள். "இது யாருக்கு?"

"வூட்டுக்கு."

"வூட்ல யாரு வாசிக்கிறது?"

"யாரும் வாசிக்க மாட்டாங்க" என்றான் சாம்சன், அடுத்த பலகையை உருவிக்கொண்டே. "ஜாஸ்மின் பாடுவா."